பின்னால் உட்காருகிறவரைக் கேட்டு வண்டி வாங்குங்க

வெள்ளிக்கிழமை காலையில் இருக்கன்குடி மாரியம்மன் கோயில் பக்கம் போனால் பூசைக்கு வந்த புது வண்டிகளைப் பார்க்கலாம். ஹேண்டில்பாரில் மாலை, டேங்கில் சந்தனம், குங்குமம், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். தீபாவளி போனஸ் வரும் சமயத்தில் இது இன்னும் கூடும். பூசை முடிந்ததும் வண்டிக்காரர் ஜம்மென்று ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணிவிடுவார். பின்னால் ஏற வேண்டிய அம்மாவோ மனைவியோ மட்டும் கொஞ்ச நேரம் தயங்கி நிற்பார்கள். கால் எங்கே வைக்கிறது? எதைப் பிடிக்கிறது? இந்த சீட் ஏன் இவ்வளவு உயரம்?

அந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வண்டி வாங்கும்போது சிசி எத்தனை, மைலேஜ் எவ்வளவு, கலர் என்ன என்று ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். பின்னால் உட்காருகிறவருக்கு எப்படி இருக்கும் என்பதை மட்டும் ஷோரூமில் யாருமே கேட்பதில்லை. கேட்க வேண்டிய ஆள் அங்கே வருவதே இல்லை!

முதலில் ரோட்டைப் பாருங்க

சாத்தூரிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி, அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் நடுவில் இருக்கிறது இருக்கன்குடி. இரண்டு ஆறு சேரும் இடம் என்பதால் "இரு கங்கைக் குடி" என்று இருந்தது இருக்கன்குடி ஆனது என்று ஊரில் பெயர்க்காரணம் சொல்வார்கள். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு என்றால் கூட்டம். ஆடி கடைசி வெள்ளி என்றால் கேட்கவே வேண்டாம், சுற்று மாவட்டம் எல்லாம் அங்கேதான். பாதயாத்திரையாக வருகிறவர்கள் ராத்திரி முழுக்க ரோட்டோரம் நடந்துகொண்டே இருப்பார்கள்.

இந்த வட்டாரம் கரிசல் பூமி. கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. மழை பெய்தால் தண்ணீரைக் குடித்து உப்பும், வெயில் அடித்தால் சுருங்கி வெடிக்கும். மேலே எவ்வளவு நல்ல தார் போட்டாலும் அடியில் இருக்கும் மண் ஏறி இறங்கினால் ரோடும் அலை அலையாக ஆகிவிடும், ஓரம் உள்வாங்கும். சாத்தூர் வழியாகப் போகும் நான்கு வழிச்சாலை (பழைய என்.எச்.7, இப்போது 44) வழவழப்பாக இருக்கலாம். அதை விட்டு இறங்கி ஊருக்குள் போகும் கிளை ரோடுகளில்தான் இடுப்பு எலும்புக்கு சோதனை.

அந்த சோதனை ஓட்டுகிறவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் ஒரே அளவு இல்லை. ஓட்டுகிறவர் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் இருப்பவரோ கிட்டத்தட்ட பின் சக்கரத்துக்கு நேர் மேலே. சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அந்த அடி நேராக அவருக்குத்தான். அதோடு, ஓட்டுகிறவருக்குப் பள்ளம் கண்ணுக்குத் தெரிகிறது. கையை ஊன்றிக் கொஞ்சம் எழும்பிக்கொள்வார். பின்னால் இருப்பவருக்கு முன்னால் தெரிவது ஓட்டுகிறவரின் முதுகு மட்டும்தான். அடி விழுந்த பிறகுதான் பள்ளம் வந்ததே தெரியும்.

ஒரு வீட்டை எடுத்துக்குங்க

ஒரு உதாரணத்துக்கு சாத்தூர் பக்கத்தில் ஒரு வீடு. மகன் சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். வீட்டில் மனைவியும் அம்மாவும். கையில் இருப்பது பத்து வருஷப் பழைய 100 சிசி வண்டி. "ஒரு 350 எடுத்துரலாம்" என்று அவருக்கு ஆசை. காரணமும் தயார்: மாசம் ஒரு தடவை அம்மனைப் பார்க்கப் போகணும், மனைவியோட அம்மா வீடு கோவில்பட்டி தாண்டி இருக்கு, அம்மாவுக்குக் கண் பார்க்க மதுரைக்குப் போகணும்.

கவனித்தீர்களா? சொன்ன மூன்று காரணத்திலும் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அவர் செல்போனில் வீடியோ பார்த்துத் தேர்வு செய்து வைத்திருக்கும் வண்டி, ஓட்டுகிறவருக்கு எப்படி இருக்கும் என்று மட்டுமே சொன்ன வீடியோவைப் பார்த்து!

மனைவி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "ஏங்க, ஓட்டப்போறது நீங்க, சரி. ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்துட்டு வரப்போறது நான்தானே? என்னையும் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க."

நியாயமான பேச்சு. இங்கிருந்துதான் வண்டித் தேர்வு ஆரம்பிக்க வேண்டும்.

100 சிசி போதாதா?

சாத்தூரிலிருந்து இருக்கன்குடி போய்வர என்றால் தாராளமாகப் போதும். இதை மறைக்கத் தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் போய்வர 350 சிசி வாங்குவது கொசு அடிக்கக் கோடாலி எடுத்த கதை.

வித்தியாசம் தெரிவது தூரம் கூடும்போதும், நான்கு வழிச்சாலையில் ஏறும்போதும்தான். கொஞ்சம் கணக்குப் போட்டால் புரியும். ஸ்ப்ளெண்டர் பிளஸ் வண்டியின் எடை 112 கிலோ. ஓட்டுகிறவர் 65 கிலோ என்றால் மொத்தம் 177. பின்னால் 60 கிலோ ஆள் ஏறினால் சுமை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. கிளாசிக் 350-இன் எடை 195 கிலோ. அதே ஆள் ஓட்டினால் 260. பின்னால் அதே 60 கிலோ ஏறினால் கூடுவது நாலில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. அதனால்தான் கனமான வண்டியில் ஆள் ஏறினாலும் இறங்கினாலும் ஆட்டம் குறைவாகத் தெரிகிறது. பக்கத்தில் பஸ் கடந்து போகும்போது காற்றுத் தள்ளுவதும் குறைவு.

அடுத்தது இழுவை, அதாவது டார்க். ஸ்ப்ளெண்டரில் ஏறத்தாழ 8 நியூட்டன் மீட்டர். ராயல் என்ஃபீல்டின் 350-இல் 27, அதுவும் 4000 சுற்றிலேயே. ஹோண்டா ஹைனெஸ் சிபி350-இல் 30, அது 3000 சுற்றிலேயே கிடைத்துவிடும். பின்னால் இருப்பவருக்கு இதனால் என்ன லாபம்? கியர் மாற்றும் வேலை குறையும். சின்ன வண்டியில் இரண்டு பேர் போனால் ஒரு பாலம் ஏறுவதற்குள் இரண்டு கியர் குறைத்துக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் பின்னால் இருப்பவர் தலை முன்னால் வந்து "டொக்" என்று ஹெல்மெட்டில் இடிக்கும். இழுவை உள்ள வண்டியில் நாலாவது கியரிலேயே பாலம் ஏறி இறங்கிவிடலாம்.

அதற்காக பவர் அதிகமென்றால் பின்னால் இருப்பவருக்கு சுகம் என்று நினைத்துவிடாதீர்கள். வேகத்துக்காகச் செய்த பல வண்டிகளில் பின் சீட் என்பது ஒரு பேருக்குத்தான். முன் சீட்டை விட ஒரு படி உயரம், உள்ளங்கை அகலம், முன்னால் சரிவு. பிரேக் போட்டால் பின்னால் இருப்பவர் நேரே ஓட்டுகிறவர் முதுகில் வந்து விழுவார். கல்லூரிப் பசங்களுக்கு அது ஜாலியாகத் தெரியலாம் :-) மதுரை வரை உட்கார்ந்து வருகிறவருக்கு அது தண்டனை.

சீட்டில் பார்க்க வேண்டியது

முதலில் நீளம். இரண்டு பேர் உட்கார்ந்த பிறகு நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தால் நல்லது. ஒட்டி உட்கார்ந்தால் விருதுநகர் மாவட்டத்து வெயிலில் அரை மணி நேரத்தில் இருவருக்கும் சட்டை நனைந்துவிடும்.

இரண்டாவது மட்டம். ஒரே நீளப் பலகை மாதிரி சமமாக இருக்கும் சீட்தான் பின்னால் இருப்பவருக்கு நல்லது. தனித்தனியாகப் பிரிந்த சீட் என்றால் பின் சீட்டைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தினால் உடனே அடித்தட்டு தட்டுப்படுகிறதா? அப்படியென்றால் முதல் பத்து நிமிஷம் மெத்தை, அப்புறம் கல்.

மூன்றாவது, கால் வைக்கும் இடம். ஃபுட்ரெஸ்ட் மேலே இருந்தால் முழங்கால் ரொம்ப மடங்கும். மூட்டு வலி உள்ளவருக்கு ஒரு மணி நேரம் அப்படி உட்கார்ந்தால் இறங்கும்போது கால் நீட்ட வராது. ஃபுட்ரெஸ்ட் கீழே இருந்து முழங்கால் ஏறக்குறைய நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி மடங்கினால் நல்லது. சைலன்ஸர் குதிகாலில் படுகிறதா என்றும் பாருங்கள்.

நான்காவது, பிடி. பின்னால் ஒரு கம்பி, அதுவும் கை எட்டும் இடத்தில். சில வண்டிகளில் கம்பி அழகாக இருக்கும், ஆனால் முதுகுக்குப் பின்னால் கையைத் திருகித்தான் பிடிக்க முடியும். பக்கவாட்டில் இரண்டு புறமும் பிடிக்க வந்தால் நல்லது. ஓட்டுகிறவர் தோளைப் பிடித்துக்கொள்ளலாமே என்பார்கள். திடீரென்று பிரேக் போடும்போது தோளைப் பிடித்த கை ஓட்டுகிறவரையும் சேர்த்து முன்னால் தள்ளும்.

ஐந்தாவது, இரண்டு சக்கரத்துக்கும் இடையில் உள்ள தூரம். ஸ்ப்ளெண்டரில் 1236 மில்லிமீட்டர். ஹன்டர் 350-இல் 1370, கிளாசிக்கில் 1390, மீட்டியாரில் 1400, ஹைனெஸ்ஸில் 1441. இந்த தூரம் கூடக் கூட பின்னால் இருப்பவர் சக்கரத்தின் தலைமேல் உட்காராமல் கொஞ்சம் முன்னால் தள்ளி உட்கார இடம் கிடைக்கும். அடி குறையும்.

சேலை, துப்பட்டா

பல ஊர் வண்டி விமர்சனங்களில் வராத விஷயம் இது. இங்கே பின்னால் உட்காருகிறவர் பெரும்பாலும் பெண். கோயிலுக்கு என்றால் சேலை. சேலை என்றால் ஒருபக்கமாக, இடது பக்கம் பார்த்து உட்காருவார்கள்.

ஒருபக்கமாக உட்கார்ந்தால் எடை முழுக்க நடுக்கோட்டில் இல்லை. அவர் ஏறும்போதே வண்டி இடது பக்கம் சாயும். ஓட்டுகிறவர் இரண்டு காலையும் தரையில் நன்றாக ஊன்றியிருக்க வேண்டும். இங்கேதான் ஓட்டுகிறவரின் சீட் உயரம் முக்கியமாகிறது. கிளாசிக், புல்லட் இரண்டிலும் 805 மில்லிமீட்டர். ஹைனெஸ் 800, ஹன்டர் 790, மீட்டியார் 765. ஓட்டுகிறவர் ஐந்தடி மூன்று அங்குலம் என்றால் இந்த 40 மில்லிமீட்டர் வித்தியாசம் பெரிய விஷயம். நுனிக்காலில் நின்றுகொண்டு 195 கிலோ வண்டியையும், ஏறுகிற ஆளையும் தாங்க முடியுமா? கோயில் பக்கத்து மண் தரையில் நிறுத்திய வண்டியைப் பின்னால் தள்ளி எடுக்கவும் அதே கால்தான் வேண்டும்.

அடுத்தது சாரி கார்டு. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி இதைத்தான் சொல்கிறது: பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்க பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு. மூன்றும் கட்டாயம். "அழகைக் கெடுக்குது" என்று புது வண்டி வாங்கிய மறுநாளே சாரி கார்டைக் கழற்றி மூலையில் போடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். சேலை முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றினால் ஆளைக் கீழே இழுக்க ஒரு நொடி போதும். கழுத்தில் போட்ட துப்பட்டா என்றால் இன்னும் மோசம். அழகு பார்க்க வேண்டிய இடமா அது?

ஒருபக்கமாக உட்காருவதை விட இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவதுதான் எப்போதும் பாதுகாப்பு. சுடிதார் போட்டால் சுலபம். ஆனால் அறுபது வயது அம்மாவிடம் போய் இதைச் சொல்ல முடியாது. அதனால் சாரி கார்டோடு சேர்ந்த அகலமான கால் தட்டு இருக்கிறதா, இரண்டு பாதமும் சேர்த்து வைக்க இடம் போதுமா என்று பாருங்கள்.

வண்டிகளில் எது?

புல்லட் 1955-லேயே தமிழ்நாட்டுக்கு வந்த வண்டி. சென்னை திருவொற்றியூரில் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து மெட்ராஸ் மோட்டார்ஸ் செய்ய ஆரம்பித்தது. இப்போதைய 350-களும் சென்னையைச் சுற்றித்தான் தயாராகின்றன. பழைய புல்லட்டில் குடும்பமாகப் போனவர்கள் இரண்டு விஷயம் சொல்வார்கள்: சீட் சோஃபா மாதிரி, அதிர்வு மாவு மில் மாதிரி. 2020-இல் மீட்டியாரோடு வந்த புது இன்ஜினில் அதிர்வைக் குறைக்க பேலன்சர் ஷாஃப்ட் வைத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய இன்ஜினில் அது கிடையாது. செகண்ட் ஹாண்டில் 350 வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கிளாசிக்கில் புது இன்ஜின் வந்தது 2021 செப்டம்பரில், புல்லட்டில் 2023 செப்டம்பரில். பெயர் ஒன்றுதான், பின்னால் உட்கார்ந்தால் இரண்டும் வேறு வேறு வண்டி.

புல்லட் 350: ஒரே நீள சீட். பின்னால் இருப்பவருக்கு இடம் தாராளம். கனமும் உயரமும் ஓட்டுகிறவருக்குச் சிரமம்.

கிளாசிக் 350: பார்க்க அழகு. ஆனால் பிரிந்த சீட், பின் சீட் தனி. பின்னால் உட்கார்ந்து பார்க்காமல் வாங்கக்கூடாது.

மீட்டியார் 350: தாழ்வான சீட், ஓட்டுகிறவருக்கு நல்ல பிடிமானம். பின்னால் முதுகு சாய ஒரு பேக்ரெஸ்ட் போடலாம். நீளப் பயணத்துக்கு அந்த பேக்ரெஸ்ட் பெரிய வரம். ஒருபக்கமாக உட்காருகிறவருக்கு அது இடைஞ்சலா என்று உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

ஹன்டர் 350: எடை 181 கிலோ, ஊருக்குள் வளைத்து ஓட்ட சுலபம். இரண்டு சக்கரமும் 17 அங்குலம். மற்ற மூன்றிலும் முன் சக்கரம் 19. பள்ளம் நிறைந்த ரோட்டில் பெரிய சக்கரம் மிதந்து போகும், சின்ன சக்கரம் இறங்கி ஏறும். தினமும் இரண்டு பேர் போகிற வீட்டுக்கு இதை யோசித்து வாங்க வேண்டும்.

ஹைனெஸ் சிபி350: 181 கிலோ, சக்கர இடைவெளி அதிகம், இன்ஜின் மென்மை. வாங்கும் முன் பக்கத்து ஊரில் சர்வீஸ் எங்கே என்று விசாரித்துக்கொள்ளுங்கள். எந்த வண்டிக்கும் இது பொருந்தும்.

விலையில் ஒரு கோடு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 350-க்கு மேல் உள்ளவற்றுக்கு 40 சதவீதம் ஆனது. குடும்ப வண்டி தேடுகிறவர் அந்தக் கோட்டைத் தாண்ட பெரிய காரணம் எதுவும் இல்லை. பெட்ரோலையும் கணக்கில் வையுங்கள். சின்ன வண்டி லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தந்தால் 350 ஏறத்தாழ 35 தரும்.

வாங்கின பிறகு செய்ய வேண்டியது

நல்ல வண்டி வாங்கியும் பின்னால் இருப்பவர் முதுகு வலி என்றால் முக்கால்வாசி காரணம் இரண்டு: ஸ்பிரிங், காற்று.

பின்பக்க ஷாக் அப்சார்பரில் ஐந்தோ ஆறோ படி இருக்கும். புது வண்டி பெரும்பாலும் ஒருவர் ஓட்டுவதற்கேற்ற படியில்தான் வரும். இரண்டு பேர் ஏறினால் ஸ்பிரிங் பாதி அமுங்கிவிடும், பள்ளத்தில் மீதியும் அமுங்கி "தட்" என்று அடிக்கும். டூல் கிட்டில் உள்ள ஸ்பேனரால் இரண்டு பக்கமும் ஒரே அளவு ஏற்ற வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் பலர் ஒரு தடவை கூடத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். பின்பக்கம் அமுங்கினால் ஹெட்லைட்டும் மேலே தூக்கும், எதிரே வருகிறவர் கண் கூசும். ஆடி மாசம் ராத்திரியில் ஓரமாக நடந்து வருகிற பாதயாத்திரைக்காரர்கள் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றால் லைட் ரோட்டில்தான் விழ வேண்டும்.

டயர் காற்றும் அப்படித்தான். இரண்டு பேர் போனால் பின் டயருக்குக் கூடுதல் காற்று வேண்டும். எவ்வளவு என்பது வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ புத்தகத்திலோ இருக்கும். காலையில் டயர் சூடாகும் முன் பார்க்க வேண்டும்.

பிரேக்: 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் 2019 ஏப்ரலில் இருந்து ஏபிஎஸ் கட்டாயம். அதற்கு முந்தைய பழைய வண்டி வாங்கினால் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு பேர் இருந்தால் வண்டி நிற்க தூரம் கூடும். முன்னால் போகிற தீப்பெட்டி லோடு வேனை ஒட்டியே போகாதீர்கள்.

ஹெல்மெட் இரண்டு

வண்டிக்கு இரண்டரை லட்சம் கொடுக்கிறவர் இரண்டாவது ஹெல்மெட்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு கொடுக்க யோசிப்பதுதான் வேடிக்கை. மோட்டார் வாகனச் சட்டம் 129-ஆவது பிரிவு நாலு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்கிறது, ஓட்டுகிறவருக்கு மட்டும் இல்லை. 128-ஆவது பிரிவுப்படி ஓட்டுகிறவரைத் தவிர ஒரே ஒருவர்தான் ஏற்றலாம். மொட்டை போடக் கூட்டிப்போகும் குழந்தையை நடுவில் உட்கார வைத்தால் மூன்று பேர்தான் கணக்கு. குழந்தையை மட்டும் கூட்டிப்போகிறீர்கள் என்றால் 2023 பிப்ரவரி 15 முதல் அமலான விதி இருக்கிறது: நாலு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உடலோடு கட்டும் பாதுகாப்புப் பட்டை, குழந்தை ஹெல்மெட், வேகம் 40-க்கு மேல் கூடாது.

தலைவலிக்கும், பூ வாடிவிடும், மூச்சு முட்டும் என்று பின்னால் இருப்பவர்கள் காரணம் சொல்வார்கள். அவர் தலை அளவுக்கு ஏற்ற ஹெல்மெட் வாங்காமல் தன்னுடைய பழையதைக் கொடுத்தால் தலைவலிக்கத்தானே செய்யும்? அவரையே கூட்டிப்போய், போட்டுப் பார்த்து, ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள்.

டெஸ்ட் டிரைவ் எப்படி?

அந்த உதாரண வீட்டுக்கே திரும்ப வருவோம். மகன் இந்த முறை மனைவியையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஷோரூம் போகிறார். டெஸ்ட் டிரைவில் மனைவி பின்னால். நல்ல ரோட்டில் ஒரு சுற்று, வேகத்தடையும் பள்ளமும் உள்ள ரோட்டில் ஒரு சுற்று. பதினைந்து நிமிஷத்துக்குக் குறையாமல். அப்புறம் இன்னொரு வேலை: தெரிந்த ஒருவரை ஓட்டச் சொல்லி மகன் பின்னால் உட்காருகிறார். இதைச் செய்யும் ஆண்கள் ரொம்பக் குறைவு. செய்தால் பாதி வண்டி பட்டியலிலிருந்து தானாகவே போய்விடும்!

மகனுக்குப் பிடித்தது கிளாசிக். பின்னால் உட்கார்ந்து பார்த்தபோது பிடித்தது புல்லட்டின் நீள சீட். மனைவி இரண்டிலும் ஏறி இறங்கிப் பார்த்து, "எனக்கு இந்த நீள சீட்டுதான். அதுல பிடிக்கிறதுக்குக் கை எட்டலைங்க" என்கிறார்.

அம்மா ஒரே ஒரு தடவை ஏறிப் பார்த்தார். இறங்கி, முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னார்: "எய்யா, வண்டி நல்லாத்தான் இருக்கு. கோயிலுக்குப் போகும்போது கூட்டிட்டுப் போ. மதுரைக்கு மட்டும் என்னைய பஸ்ஸுல ஏத்தி விட்ரு, ராசா."

எந்த விமர்சகரும் சொல்லாத உண்மை இது. சாத்தூரிலிருந்து மதுரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அறுபது தாண்டிய, மூட்டு வலி உள்ள, ஒருபக்கமாகத்தான் உட்கார முடிகிற ஒருவருக்கு அந்த தூரத்தை சுகமாக்கும் மோட்டார் சைக்கிள் எந்தக் கம்பெனியிலும் இல்லை. கண்ணில் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு காற்றிலும் தூசியிலும் திரும்பி வர வேண்டாம். பஸ்ஸில் ஜன்னலோர சீட் இருக்கிறது. "அம்மாவுக்காக" என்று சொல்லி வாங்கும் வண்டியில் அம்மா எத்தனை தடவை ஏறப்போகிறார் என்று முதலிலேயே கேட்டுவிட்டால், யாருக்காக வாங்குகிறோம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெளிவாகிவிடும். அதற்குப் பிறகு வண்டித் தேர்வு சுலபம்: வாரம் தவறாமல் பின்னால் உட்காரப்போகிற ஆளுக்கு எது சரியோ அதுவே.

சில வீடுகளில் வண்டிக்கான முன்பணம் மகளிர் குழுக் கடனிலிருந்தோ, மனைவியின் தீப்பெட்டி ஆபீஸ் சம்பளத்திலிருந்தோ வருகிறது. மாசத் தவணையில் பாதி அவர் கட்டுகிறார். ஆர்.சி. புக்கில் பெயர் யாருடையதாக இருந்தாலும், அவர் உட்காருகிற சீட்டை அவர் தேர்ந்தெடுப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அடுத்த தடவை வண்டி பார்க்கக் கிளம்பும்போது வீட்டிலிருந்து ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்க. அவர் ஏறி உட்கார்ந்து, காலை வைத்து, கம்பியைப் பிடித்து, "ம்... இது பரவாயில்ல" என்று சொல்லும் வரை அட்வான்ஸ் கொடுக்காதீங்க.